செம்புக் குடத்து மருந்து

கோலா சிலாங்கூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மின்மினி பார்க்க. படகில் ஏறி, வாயைப் பிளந்துகொண்டு, மரத்தில் மின்னும் பூச்சியைப் பார்த்துவிட்டு, வயிறு நிறைய மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் இறால் குஞ்சுப் பண்ணைக்கு வந்திருந்தால் அதைவிட நல்ல காட்சி கிடைத்திருக்கும். விளக்கை அணைத்தால் போதும், தொட்டி முழுக்க நீலமாய் மின்னும். டிக்கெட் கிடையாது. என்ன, மறுநாள் காலையில் மின்னியதெல்லாம் செத்து அடியில் கிடக்கும்.

அது ஒரு கிருமியின் வேலை. விப்ரியோ என்று பெயர். கடல் தண்ணீரில் எப்போதும் இருப்பதுதான். குஞ்சின் வயிற்றில் புகுந்து பெருகினால் குஞ்சு மின்னும், பிறகு சாகும். போன வருடம் மூன்று முறை தொட்டிகளைக் கழுவி ஊற்றினோம். முதலாளி சுப்பிரமணியம் ஒவ்வொரு முறையும் தொட்டி விளிம்பில் நின்று, "எவன் கண்ணு பட்டுச்சோ" என்றார். யார் கண்ணும் படவில்லை. அவர் வாங்கிக் கொட்டிய ஆன்டிபயாட்டிக் அந்தக் கிருமிக்குப் பழகிப்போய், காலையில் நாம் தேத்தண்ணீர் குடிப்பது மாதிரி அது குடித்துக்கொண்டிருந்தது.

நான் நவமணி, அந்தப் பண்ணையின் லேப்காரி. லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிடவேண்டாம். ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பிரிட்ஜ். பிரிட்ஜின் மேல்தட்டில் என் பாட்டில்கள், கீழ்த்தட்டில் முதலாளியின் இளநீர். எடுத்து மாற்றச் சொல்லிப் பத்து முறை சொல்லியாயிற்று. கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டில் படித்து, டிப்ளோமா வாங்கி இங்கே வந்தவள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். நீளவேண்டிய ஒரு நாளில் மட்டும் அது நீளவில்லை.

எனக்கு ஒரே தம்பி, ஐயாவு. சுங்கை ஆயர் தாவாரில் இரண்டு இறால் குளம் வைத்திருக்கிறான். பதினெட்டு வருடம் லோரி ஓட்டி, முதுகெலும்பு தேய்ந்து, டாக்டர் இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று சொன்ன பிறகு குளத்தில் இறங்கியவன். அவனுக்குக் குஞ்சு எங்கள் பண்ணையிலிருந்துதான் போகும். போன வருடம் ஒரு குளம் மொத்தமாகப் போனது. இந்த முறையும் போனால் குளத்தை விட்டுவிட்டு மறுபடி லோரிதான், அந்த முதுகோடு.

ஆகவே நான் மருந்து தேடியது முதலாளிக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்து ஒன்றும் என் கண்டுபிடிப்பு கிடையாது. உலகத்துக்கு நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி. கிருமியைத் தின்கிற வைரஸ் ஒன்று உண்டு, ஃபேஜ் என்பார்கள். மனிதனைத் தொடாது, இறாலைத் தொடாது. தனக்குத் தோதான ஒரே வகைக் கிருமியைப் பிடித்து, உள்ளே புகுந்து, நூறாகப் பெருகி, அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிருமி எங்கே மொய்க்கிறதோ அங்கே அதுவும் இருக்கும். எங்கள் பண்ணையில் கிருமிக்குப் பஞ்சமே இல்லாத இடம் பின்பக்கத்து லோங்காங். அந்தச் சாக்கடைத் தண்ணீரை எட்டு வாரம் வாளி வாளியாய் மொண்டு வடிகட்டினோம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கைருன்னிசா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வாளியைப் பிடித்தாள்.

சோதிக்கும் முறை எளிது. நாம் பெருநாளுக்குக் கடற்பாசியில் அகார் அகார் செய்வோமே, அதே கூழைத் தட்டில் ஊற்றி, மேலே கிருமியைப் பரப்பினால் ஒரே நாளில் வெண்மையாய்ப் படர்ந்துவிடும். பரப்பிய கையோடு ஒரு சொட்டு ஃபேஜ் விட்டிருந்தால், அந்த இடம் மட்டும் வெண்மை இல்லாமல் ஓட்டை விழுந்த மாதிரி தெளிந்திருக்கும். முதல் ஓட்டையைப் பார்த்த அன்று நானும் கைருன்னிசாவும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கதை அங்கேதான் கெட்டது.

"என்ன மருந்து இது?" என்றார்.

"வைரஸ், போஸ்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இந்த காம்பவுண்டுல அந்த வார்த்தய சொல்லாத. வைரஸ் வந்துதான் எத்தன பேரு கொளத்த மூடிட்டுப் போனான் தெரியுமில்ல? சரி, எங்கேர்ந்து புடிச்ச?"

"பின்னால லோங்காங்லேர்ந்து."

"அதயும் சொல்லாத."

"அப்ப என்னதான் போஸ் சொல்றது?"

சுவரில் மாட்டியிருந்த சாமி காலண்டரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சஞ்சீவி," என்றார். "சஞ்சீவித் தீர்த்தம். எப்புடி?"

சுப்பிரமணியத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் டத்தோ பட்டத்துக்காக ஐந்து வருடமாகக் காத்திருப்பவர். கோட்டு தைத்தாகிவிட்டது. பட்டம்தான் வரவில்லை. இடையில் வயிறு பெருத்து கோட்டை இரண்டு முறை பிரித்துத் தைத்தார். மருந்து என்றதும் அவருக்குத் தொட்டி தெரியவில்லை, மேடை தெரிந்தது. சட்டமன்ற உறுப்பினரான ஒய்பி வருவார், வாழைமரம் கட்டுவோம், ஹோமம் வைப்போம், செம்புக் குடத்தில் மருந்தை நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, இரண்டு நாள் பூசையில் இருத்தி, சனிக்கிழமை ஒய்பி கையால் தொட்டியில் ஊற்றுவோம் என்று ஒரே மூச்சில் திட்டம் போட்டார்.

"செம்புல வேணாம் போஸ்," என்றேன். "செம்பு இத கொன்னுடும்."

"செம்பு கிருமிய கொல்லும்னு நம்ம ஆளுங்க அந்தக் காலத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்க. நீயும் கிருமிய கொல்லணும்ங்கிற. ரெண்டும் சேந்தா டபுள் பவர் லா!"

"கிருமிய கொல்ற ஆளயே செம்பு கொன்னுடும் போஸ்."

புரியவில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று ஒரு செம்புத் தம்ளரில் மருந்தை இரண்டு நாள் ஊறவைத்துச் சோதித்தேன். நான் நினைத்தது சரி. தட்டில் ஓட்டை விழவே இல்லை, கிருமி வெள்ளை வெளேரென்று சுகமாக வளர்ந்திருந்தது. தட்டைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க போஸ், ஒரு ஓட்ட கூட இல்ல."

"ஓட்ட இல்லன்னா நல்லதுதான?" என்றார்.

பூசைக்கு வந்த குருக்களுக்கு இருந்த விவரம்கூட அவருக்கு இல்லை. குருக்கள் என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "மருந்த பாட்டிலோடயே வைங்க, நான் பூச பண்றேன். கொடத்துல வெறும் தண்ணி இருந்தா போதும்," என்றார். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் பாட்டில் போட்டோவில் எடுபடாதாம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, ஐயாவு வந்தான். கையில் ஒரு மினரல் வாட்டர் பாட்டில், அதில் அவன் குளத்துத் தண்ணீர்.

"அக்கா, ஒரு கொளத்துல எறா ஓரமா ஒதுங்குது. குடல்ல தீனியே இல்ல. உன் மருந்து இதுக்கு கேக்குமான்னு பாரு."

"ஒவ்வொரு ஃபேஜும் ஒவ்வொரு கிருமிக்குத்தான் கேக்கும்டா. சோதிக்கணும்."

"சோதி. எவ்ளோ நாளாவும்?"

"ரெண்டு நாள்."

ரெண்டு நாள் என்று என் வாயால்தான் சொன்னேன். அன்றே அவன் பாட்டிலிலிருந்து கிருமியைப் பிரித்து, ஒரு சின்னக் குழாயில் வளரவிட்டு, பெயர் எழுதி மேசையில் வைத்தேன். பாக்கியிருந்தது ஒரு தட்டு, ஒரு சொட்டு. அதற்குள் முதலாளி வந்து, விழா முடியும்வரை வெளித் தண்ணீர் எதையும் லேப்பில் தொடக்கூடாது என்றார். மாவிலைத் தோரணம் கட்ட ஆள் பற்றவில்லையாம். டிப்ளோமா வாங்கிய நான் ஏணியில் ஏறித் தோரணம் கட்டினேன்.

அன்று மாலை குடத்தை நிரப்பும் வேலையும் எனக்குத்தான் வந்தது. எட்டு வார உழைப்பைச் செம்பில் ஊற்றிச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை. குடத்தில் கடல் தண்ணீரை ஊற்றி, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். மருந்தும் வெளிர்மஞ்சள்தான். நிஜமான மருந்து பத்துப் பாட்டிலும் பிரிட்ஜில், இளநீருக்கு மேலே பத்திரமாக இருந்தது. இந்த ரகசியம் எனக்கும் கைருன்னிசாவுக்கும் மட்டும் தெரியும். அன்று எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது.

விழா ஒன்பது மணிக்கு. ஒய்பி வந்தது பதினொன்றே முக்காலுக்கு. அதுவரை அறிவிப்பாளர் "இன்னும் சற்று நேரத்தில்" என்பதை எத்தனை விதமாகச் சொல்லமுடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்தார். தொட்டிகளில் குஞ்சுகள் முந்தின இரவே இலேசாக மின்ன ஆரம்பித்திருந்தன. அவற்றுக்கு ஒய்பியின் அட்டவணை தெரியாது. பிறகு மாலை, பொன்னாடை, மாலை போட்டவருக்கு மாலை, பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. முதலாளி பேசினார். நம் முன்னோர் செம்பில் எதை வைத்தாலும் காரணத்தோடுதான் வைத்தார்கள் என்றபோது கைதட்டல் பலமாக விழுந்தது. எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது, வாடாமல்லி நிறத்தில். ஒய்பி குடத்தைச் சாய்த்தார், மஞ்சள் கலந்த கடல் தண்ணீர் கடல் தண்ணீரில் விழுந்தது, எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

எல்லாரும் பிரியாணிக்குப் போனதும் நானும் கைருன்னிசாவும் பிரிட்ஜைத் திறந்து, ஆறு தொட்டிக்கும் அளவாய் மருந்தை ஊற்றினோம். இரண்டு பாட்டில் மிஞ்சியது. மூன்றாம் நாள் விளக்கை அணைத்துப் பார்த்தோம். கும்மிருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. என் வாழ்க்கையில் இருட்டைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். "பாத்தியா? செம்புன்னா செம்புதான்!"

அப்போது சொல்லியிருக்கவேண்டும். "போஸ், குடத்துல இருந்தது வெறும் கடல் தண்ணி" என்று ஒரே ஒரு வரி. வாய் திறக்கும்போதே அவர் என்னை லேப் மேனேஜர் ஆக்கிவிட்டதாகச் சொல்லி, அச்சடித்த பெயர் அட்டைகளைக் கையில் கொடுத்தார். அட்டையில் என் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். முதலாளி அந்தப் பக்கம் போனதும் கைருன்னிசா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நவம், சொல்லிடு. இது நல்லதுக்கு இல்ல."

"நாளைக்கு சொல்றேன்."

"தம்பியோட குழாய்?"

"அதயும் நாளைக்குப் பாக்குறேன்."

நாளைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது. தமிழ்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் பேட்டி எடுக்க வந்தார். அதற்கு மறுநாள் முதலாளி எல்லாக் குளத்துக்காரர்களுக்கும் தீர்த்தம் கொடுக்கப்போவதாக அறிவித்தார். மருந்து எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. மிஞ்சிய குடத்துத் தண்ணீரோடு மேலும் தண்ணீர் சேர்த்து, இரண்டு நாள் செம்பில் வைத்து, அவரே பாட்டிலில் நிரப்பினார். லேபிள் மட்டும் அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். மேடையில் நான் பொன்னாடையோடு முதலாளிக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பாட்டில் ஐயாவுக்கு, லேப் மேனேஜரின் சொந்தத் தம்பி என்று மைக்கில் சொன்னார்கள். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து பாட்டிலை வாங்கினான். முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஊத்தலாமா அக்கா?"

கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீர்தானே, கெடுதல் ஒன்றும் வராது, நாளைக்குக் காலையில் உண்மையான மருந்தைச் சோதித்து எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். தலையை ஆட்டினேன். கோயில் மாடுகூட அவ்வளவு அழகாக ஆட்டாது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி என்னைக் கிள்ளானில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். மூன்று நாள் ஒரு செம்புக் குடத்துக்குப் பக்கத்தில் நின்று அட்டை கொடுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கைருன்னிசாவிடம் போன் போட்டு அந்தத் தட்டைப் போடச் சொல்லியிருக்கலாம். அட்டை தீர்ந்துபோனதால் இன்னொரு கட்டு அனுப்பச் சொல்லித்தான் போன் போட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஐயாவு கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை.

"அக்கா, ஒரு கொளம் முழுக்க மெதக்குது. அடுத்ததும் ஆரம்பிச்சிருச்சி. நீ தலையாட்டுனதால தீனிய கொறைக்கல, தண்ணி மாத்தல. மருந்துதான் உள்ள இருக்கேன்னு விட்டுட்டேன்."

நேரே பண்ணைக்குத் திரும்பி முதலாளியின் அறைக்குள் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசித்தார்.

"வீட்டுல கவுச்சி கிவுச்சி சாப்டாங்களான்னு கேளு. தீர்த்தம் வந்தா சுத்தபத்தமா இருக்கணும்."

"எறா வளக்குறவன் வீட்டுல கவுச்சி இல்லாம வேற என்ன போஸ் இருக்கும்?"

"அதான் காரணம் போல."

அப்போதுதான் என் வாய் நீண்டது, விழா முடிந்து பதினோரு நாள் கழித்து. குடத்தில் இருந்தது கடல் தண்ணீர் என்பதையும், மஞ்சள் போட்டதையும், பிரியாணி நேரத்தில் மருந்து ஊற்றியதையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். கத்துவார், வேலையைவிட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பினால் நிம்மதி என்றுகூட நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப வெறும் கடல் தண்ணிக்கே ஆறு தொட்டி பொழச்சிச்சா?"

"இல்ல போஸ்! மருந்த நாங்க அப்புறம் ஊத்துனோம்!"

"யாரு பாத்தா?" என்றார் அமைதியாக. "ஒய்பி ஊத்துனத நாலு பத்திரிக போட்டிருக்கான். நீ ஊத்துனத யாரு போட்டோ புடிச்சா?" பிறகு மேசையிலிருந்த அட்டைக் கட்டைக் கையில் எடுத்தார். "நவம், இனிமே லேப்புக்கு செலவே வேணாம் போலருக்கே."

எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அவர் எப்போதும் இப்படித்தான், எங்கள் எல்லாருக்கும் தெரியும். முட்டாள் முட்டாளாக இருந்தான். விவரம் தெரிந்த நான் அவன் பக்கத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றேன்.

லேப்புக்குப் போனேன். ஐயாவு என்று பெயர் எழுதிய குழாய் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. மிஞ்சிய இரண்டு பாட்டில் பிரிட்ஜில் இருந்தது. குழாய்க்கும் பாட்டிலுக்கும் நடுவில் நான்கு அடி. தட்டில் அவன் குளத்துக் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து ஒரு சொட்டு விட்டேன். இது அவன் கிருமிக்குக் கேட்கக்கூடாது, கேட்காமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்காவிட்டால் என்மேல் குற்றமில்லை.

மறுநாள் காலை தட்டைப் பார்த்தேன். ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு ஓட்டை, கண்ணாடி மாதிரி சுத்தமாக.

தட்டை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு சுங்கை ஆயர் தாவாருக்குப் போனேன். நாற்றம் சாலையிலேயே வந்தது. குளக்கரையில் வெள்ளையாய் இறால் ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீரில் காற்று கலக்கும் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஐயாவு கரையில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், முதுகு வலி வந்தால் அப்படித்தான் உட்காருவான். பக்கத்தில் சஞ்சீவித் தீர்த்தத்தின் காலிப் பாட்டில்.

தட்டை அவன் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். குடம், மஞ்சள், அட்டை, கண்காட்சி. அவன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டையைப் பார்த்தான்.

"அப்ப இதுக்கு கேட்டிருக்கும்."

"சத்தியமா சொல்லமுடியாதுடா. கொளம் வேற, தட்டு வேற. ஆனா கேட்டிருக்கும்."

"மருந்து இருந்துச்சா, நான் மேடையில கேட்டப்போ?"

"இருந்துச்சு."

"எங்க?"

"பிரிட்ஜுல."

தட்டை மூடிப் பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தான். முட்டியில் கையை ஊன்றி, இரண்டு முறை முயன்று எழுந்தான். நான் தூக்கிவிடக் கை நீட்டினேன், அவன் பிடிக்கவில்லை. மெல்ல நடந்து கொட்டகைக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தான். சக்கரம் இன்னும் கொஞ்சநேரம் சுற்றிவிட்டு நின்றது.

"லோரி கம்பெனிக்கு போன் பண்ணிட்டேன்," என்றான். "திங்கக்கெழம வரச் சொல்லியிருக்கான்."